கால்வலியைக் கேட்பவர்கள்

கும்பகோணத்தில் படுத்திருக்கும் ஆராவமுதனைப் பார்த்துத் திருமழிசை ஆழ்வார் கேட்டது வரமல்ல, வைகுந்தமும் அல்ல. ஏன் இப்படிப் படுத்துக் கிடக்கிறாய் என்று கேட்டார். நடையாய் நடந்ததில் கால் வலிக்கிறதா? பன்றியாகிப் பூமியைத் தூக்கினாயே, அதில் உடம்பு அசந்துபோனதா? எழுந்து உட்கார்ந்து பதில் சொல் என்றார். திருச்சந்த விருத்தத்தில் வரும் இந்தப் பாட்டைக் கேட்டுப் பெருமாள் தலையை லேசாகத் தூக்கினார் என்றும், அப்படியே நின்றுவிட்டார் என்றும் சொல்வார்கள். அதனால்தான் அந்தக் கோலத்துக்கு உத்தான சயனம் என்று பெயர்.

உலகத்தையே சுமக்கிறவனிடம் போய் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது, பிரம்பு அறுக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு. பிறக்கும்போது கை கால் இல்லாத பிண்டமாக மூங்கில் புதரில் கிடந்தவரை, திருவாளன் என்பவரும் பங்கயச்செல்வியும் எடுத்து வளர்த்தார்கள் என்கிறது கதை. கால் விரலில் அவருக்கு ஒரு கண் இருந்ததாகவும் இன்னொரு கதை உண்டு. எங்கள் பக்கத்துக் கால்பந்துப் பையன்களிடம் இதைச் சொன்னால், “அப்படி ஒண்ணு நமக்கு இருந்தா பாஸ் மிஸ்ஸே ஆகாதுண்ணா” என்பார்கள்.

அவர் பிறந்த ஊர் இன்று பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஒருபுறம் ஜெகந்நாதப் பெருமாள் கோயிலும் ஒத்தாண்டேஸ்வரர் கோயிலும், மறுபுறம் சிட்கோ தொழிற்பேட்டை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் பாதிப்பேர் கெண்டைக்காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். இவர்களிடம் யாரும் கால் வலிக்கிறதா என்று கேட்பதில்லை. ஆனால் உலகத்தில் ஒரு சாராரிடம் இந்தக் கேள்வியைத் தினமும் காலையில் கேட்கிறார்கள், பதிலைப் பதிவு செய்கிறார்கள், அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள்.

ஏற்பாடு இதுதான். காலையில் எழுந்தவுடன் போனில் ஒரு செயலி நாலைந்து கேள்வி கேட்கும். நேற்று எப்படித் தூங்கினாய்? உடம்பு அசதியாக இருக்கிறதா? தசை வலி உண்டா? மனசில் பாரம் ஏதாவது? ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை, சில இடங்களில் ஏழு வரை, ஒரு எண்ணைத் தட்ட வேண்டும். ஹூப்பர், மக்கின்னன் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் எழுதியதிலிருந்து இந்த நாலு கேள்விகளும் சிறுசிறு மாற்றங்களோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்புறம் மைதானம். ஜெர்சிக்கு உள்ளே இறுக்கமான ஒரு கறுப்பு பனியன், அதில் முதுகுப்பக்கம் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஒரு சின்னப் பை, பைக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஜிபிஎஸ் கருவி. வினாடிக்குப் பத்து முறை இருப்பிடத்தைக் குறிக்கும். உள்ளே இருக்கும் அசைவுமானி ஒவ்வொரு திரும்பலையும் முட்டலையும் எண்ணும். 2006இல் மெல்பர்னில் தொடங்கிய கேட்டபுல்ட் என்ற நிறுவனம் இந்த வியாபாரத்தில் பெரிய பெயர். போட்டிகளிலும் இதை அணியலாம் என்று 2015இல் அனுமதி வந்தது. அதன் பிறகு இந்தியாவின் பெரிய கிளப்புகளிலும் இது சாதாரணமாகிவிட்டது.

நடுக்களத்தில் ஆடும் ஒருவர் ஒரு மேட்சில் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார். அந்த மொத்தக் கணக்கு அவ்வளவு முக்கியமல்ல. அதில் மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு, இருபத்தைந்துக்கு மேல் எவ்வளவு, சட்டென்று நின்றது எத்தனை தடவை என்பதுதான் தொடையின் பின்தசையைத் தீர்மானிக்கிறது. ஓடுவதைவிட, ஓடுகிறவன் நிற்கும்போதுதான் தசை அதிகம் அடிவாங்குகிறது. டிவியில் பார்க்கும் நமக்கு இது எதுவும் தெரியாது. நமக்குத் தெரிவது கோல் மட்டும்.

இந்தக் கருவிகளுக்கு நடுவில் எனக்கு மிகவும் பிடித்தது கருவியே இல்லாத ஒரு முறை. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் பரப்பியது. பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கழித்து ஆட்டக்காரனிடம் ஒரே ஒரு கேள்வி: எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எத்தனை? அவன் சொல்லும் எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்க வேண்டும். தொண்ணூறு நிமிடம், ஏழு என்றால் அறுநூற்று முப்பது. அன்றைய சுமை அவ்வளவுதான். ஒரு நோட்டும் பேனாவும் போதும். வியாசர்பாடியில் பந்தாடும் பையன்களுக்கும் இதைச் செய்யலாம், மான்செஸ்டரிலும் செய்யலாம்.

இது ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடு என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்னா சா, லுவானா மெய்ன், பால் காஸ்டின் என்ற மூவர் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வுத் தொகுப்பு, அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது. இரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பு போன்ற அளவைகளைவிட, ஆட்டக்காரர் தன் வாயால் சொல்லும் பதிலே பயிற்சிச் சுமையை நுட்பமாகவும் சீராகவும் காட்டுகிறது என்பது அந்த முடிவு. எத்தனையோ லட்சம் செலவழித்துச் செயற்கைக்கோளைத் துணைக்கு அழைத்தும், கடைசியில் ஆழ்வார் வழியில் நேராகக் கேட்பதே மேல் என்று ஆகியிருக்கிறது. எனக்கு இதில் அற்பமான ஒரு திருப்தி உண்டு.

ஆனால் ஆழ்வாருக்கு இருந்த ஒரு வசதி கோச்சுக்கு இல்லை. பெருமாள் “ஆமாம், வலிக்கிறது” என்று சொல்லியிருந்தால் அடுத்த வாரம் அவரை பெஞ்சில் உட்கார வைக்கும் அதிகாரம் ஆழ்வாரிடம் இல்லை.

தொழிற்பேட்டையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய கிளப்பின் இரண்டாம் அணியில் இருந்தவர். இந்தச் செயலியைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

“மூணு போட்டா பிசியோ ரூமுக்குக் கூப்பிடுவாங்கண்ணா. ரெண்டு போட்டா அன்னிக்கு ட்ரெயினிங் கட். ட்ரெயினிங் கட்டுன்னா சனிக்கிழமை மேட்ச்ல பேரு வராது. அஞ்சே போட்டுட்டு இருந்தா பொய் சொல்றான்னு தெரிஞ்சிடும். அதனால எல்லாரும் நாலு.”

“உண்மையிலேயே வலிச்சா?”

“அப்பவும் நாலுதான். ஒரு வருஷ கான்ட்ராக்ட்ணா.”

இந்த ‘நாலு’தான் விஷயத்தின் கரு என்று நினைக்கிறேன். விளையாட்டு அறிவியலின் மிகச் சிறந்த கருவி ஒரு கேள்வி. கேட்கிறவனே தேர்வு செய்கிறவனாகவும் இருந்தால் அந்தக் கருவி அங்கேயே பழுதாகிவிடுகிறது. இதைப் பையன்களின் நேர்மைக் குறைவு என்று பேசுகிற கோச்சுகள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பதில் சொல்கிறவனுக்கு அந்தப் பதிலால் நஷ்டம் வருமென்றால், அவன் அதற்குத் தகுந்த பதிலைத்தான் சொல்வான். கருவியாவது பொய் சொல்லாது என்று நினைத்தால், அதுவும் முழு உண்மையில்லை. கால் கனக்கும் நாளில் வேண்டுமென்றே இரண்டு வெறும் ஓட்டம் ஓடி உச்ச வேகக் கட்டத்தை நிரப்பிக்கொள்ளும் சாமர்த்தியத்தையும் அந்தத் தம்பி விளக்கினார். அளக்கப்படுகிறவர்கள் அளவுகோலைப் படித்துக்கொள்கிறார்கள்.

தைரியமாகப் பேச முடிந்தவர்களும் இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, இத்தனை மேட்ச்சுகள் ஆட முடியாது, வீரர்கள் வேலைநிறுத்தத்துக்கு நெருங்கிவிட்டோம் என்று பத்திரிகையாளர் கூட்டத்தில் சொன்னார். சில நாட்களிலேயே ஆர்சனலுடனான ஆட்டத்தில் அவர் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த மாதம் ஊன்றுகோலுடன் மேடையேறி பாலோன் தோர் விருது வாங்கினார். பார்சிலோனாவின் பெட்ரி, 2020-21 பருவத்தில், பதினெட்டு வயதில், கிளப்புக்கும் நாட்டுக்குமாக எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். இவர்கள் இருவரின் ஒவ்வொரு அடியும் எண்ணப்பட்டது. எண்ணியது யாருடைய அட்டவணையையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. சுமை எவ்வளவு என்று சொல்லும் அறையும், சுமையை ஏற்றும் அறையும் வேறுவேறு கட்டடங்களில் இருக்கின்றன.

நம்மூர் உதாரணம் இன்னும் வெளிப்படையானது. 2023 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஹாங்சோ போன இந்திய அணி, செப்டம்பர் 18 மாலை அங்கே இறங்கியது. மறுநாள் சீனாவுடன் ஆட்டம். இந்தியன் சூப்பர் லீக் 21ஆம் தேதி தொடங்கவிருந்ததால் பல கிளப்புகள் தங்கள் வீரர்களை விட மறுத்தன. கடைசி நேரத்தில் கையில் கிடைத்தவர்களைச் சேர்த்து அனுப்பிய அணி அது. முதல் பாதி முடியும்போது ராகுல் அடித்த அழகான கோலால் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதியில் நான்கு கோல்கள் வாங்கினார்கள். பயணக் களைப்பு எந்த நிமிடத்தில் காலுக்கு இறங்கியது என்பதைக் கண்டுபிடிக்க யாருக்கும் ஜிபிஎஸ் தேவைப்படவில்லை. அடுத்த ஆட்டம் இரண்டே நாளில், வங்கதேசத்துடன். முப்பத்தொன்பது வயது சுனில் சேத்ரி கடைசி நேரப் பெனால்டியில் அதை ஜெயித்துக் கொடுத்தார். நாம் அதைத் தியாகம் என்று கொண்டாடினோம். அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியன் சூப்பர் லீக்கே அப்படித்தான் பிறந்தது. 2014இல் முதல் பருவம் முழுவதையும் அக்டோபர் 12க்கும் டிசம்பர் 20க்கும் இடையில் அடக்கினார்கள். ஒவ்வொரு அணிக்கும் பதினான்கு லீக் ஆட்டங்கள், ஏறக்குறைய இரண்டு மாதத்தில், நடுவில் கொச்சியிலிருந்து குவாஹாட்டி வரை விமானங்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது சென்னையின் எஃப்சி தன் சொந்த மைதான அரையிறுதியைப் புனேவில் போய் ஆடியது, ஆடி, இறுதியிலும் கோவாவை வென்று கோப்பை எடுத்தது. வீடு தண்ணீரில் நிற்கும்போது புனேவில் ஆடிய சென்னைப் பையனின் அன்றைய எண் என்னவாக இருந்திருக்கும்? நிச்சயம் நாலு.

சுமை என்றாலே அதிகச் சுமை என்று நினைத்துக்கொள்கிறோம். டிம் காபெட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2016இல் சொன்னது வேறு. கடுமையாகப் பயிற்சி செய்வது காயத்தைக் கொண்டுவருவதில்லை. உடம்பு பழகியிராத அளவுக்குத் திடீரென்று ஏற்றுவதுதான் கொண்டுவருகிறது. கடந்த ஒரு வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்துப் பார். ஒன்றை ஒட்டி இருந்தால் நல்லது, ஒன்றரையைத் தாண்டினால் ஜாக்கிரதை என்றார். உலகத்துப் பயிற்சியாளர்கள் எல்லாம் அந்த வகுத்தலை மந்திரமாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கின் அடிப்படையே தள்ளாடுகிறது, எதிர்காலக் காயத்தை அது சொல்லாது என்று இம்பெல்லிசேரி போன்றவர்கள் பிறகு கடுமையாக எழுதினார்கள். வகுத்தலை விட்டுவிடுவோம். திடீர் ஏற்றம் ஆபத்து என்பது மண்வெட்டி பிடித்த எவருக்கும் தெரிந்ததுதான். பத்து மாதம் கழித்து வேலைக்கு இறங்கிய முதல் நாள் இடுப்பு என்ன சொல்லும் என்பதைக் கேட்டால் போதும்.

அந்தக் கண்ணோட்டத்தில் 2025ஐப் பாருங்கள். ஜூலை 11ஆம் தேதி இந்தியன் சூப்பர் லீக்கை நடத்தும் நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது: உரிம ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பிக்கும் பேச்சு முடியவில்லை, எனவே அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்படுகிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. சென்னையின் எஃப்சியும் வேலைகளை நிறுத்திவைத்தது. அக்டோபர் இறுதியில் கோவாவில் சூப்பர் கோப்பை தொடங்கியது. லீக் ஆட்டம் மட்டும் அந்த ஆண்டு முடியும்வரை ஒன்றுகூட இல்லை. ஐரோப்பாவில் வீரர் சங்கம் அளவுக்கு மீறிய ஆட்டங்களுக்கு எதிராக ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே தொழில்முறை வீரர்கள் தெருமுனை டர்ஃபில் நண்பர்களோடு ஆடித் தசையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருக்கும் காலுக்கு என்ன எண் போடுவது? தூக்கம் வராததற்குச் செயலியில் ஒரு கட்டம் உண்டு. இஎம்ஐ கட்ட வேண்டிய தேதிக்குக் கட்டம் கிடையாது. கொரோனா முடக்கத்துக்குப் பின் 2020 மே மாதம் ஜெர்மன் லீக் மறுபடி தொடங்கியபோது காயங்கள் கூடின என்று ஆய்வுகள் வந்தன. அவர்களுக்கு இரண்டு மாத இடைவெளி, சம்பளத்தோடு.

இத்தனையும் உச்சாணியில் இருப்பவர்களின் கதை. அதற்குக் கீழே ஒரு படி இறங்கினால் அளக்கும் கருவி நின்றுவிடுகிறது, சுமை நிற்பதில்லை.

கேரளத்தில் செவன்ஸ் என்று ஒன்று உண்டு. அறுவடை முடிந்த வயலில், தற்காலிக காலரிகளுக்கு நடுவே, மின்விளக்கில், அணிக்கு ஏழு பேராக ஆடுவது. நவம்பரிலிருந்து மழை வரும்வரை ஊருக்கு ஊர் டோர்னமென்ட். தமிழ்நாட்டிலிருந்தும் பையன்கள் கெஸ்ட் பிளேயராகப் போவார்கள். ஆடினால் காசு, ஆடாவிட்டால் இல்லை. எனவே நேற்று இரவு ஓர் ஊர், இன்று இரவு இன்னோர் ஊர், நடுவில் ஜன்னலோர பஸ் தூக்கம், முழங்காலில் க்ரேப் பேண்டேஜ், இடைவேளையில் ஸ்ப்ரே. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் மூன்றுக்கும் ஆடிய பாலக்காட்டுத் தனராஜன், 2019 டிசம்பர் 29 இரவு பெரிந்தல்மண்ணையில் அப்படி ஓர் ஆட்டத்தின் நடுவில் சரிந்து விழுந்து இறந்தார். வயது முப்பத்தொன்பது. கல்கத்தாவின் மூன்று பெரிய சட்டைகளையும் போட்டவர் அந்த வயதில் செவன்ஸ் களத்தில் ஏன் நின்றார் என்பதையும் நலக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அதற்கு முன் 2012 மார்ச்சில் பெங்களூருவில் வெங்கடேஷ். மாவட்ட லீக் ஆட்டத்தில் மயங்கி விழுந்தார், மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிழைக்கவில்லை. அதற்கும் ஏழு ஆண்டுகளுக்கு முன் அதே நகரத்தில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியில் கோல் அடித்த கணத்தில் கோல்கீப்பருடன் மோதி விழுந்து இறந்த பிரேசில்காரர் கிறிஸ்தியானோ ஜூனியரை நாடே டிவியில் பார்த்திருந்தது. பார்த்த பிறகும் ஏழு ஆண்டு கழித்து ஆட்டோதான்.

பெண்கள் பக்கம் போனால் இன்னொரு வகை. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் சென்னையில் சாலைப் பணியில் நின்றார். வெயிலில் பூட்ஸோடு நிற்கும் அந்த நேரம் எந்தப் பயிற்சிக் கணக்கிலும் ஏறாது. அரசு வேலை ஒன்றுதான் தமிழ்நாட்டுப் பெண் கால்பந்துக்காரிக்கு நிலையான தரை என்பதால் அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் காலத்து ஐசிஎஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் வங்கி அணிகளும் இதே தரையில்தான் நின்றன. மதியம் வரை மேஜை, பிறகு மைதானம். கருவி இல்லை, பிசியோ இல்லை, பலருக்கு முப்பது வயதில் முழங்கால் போனது. ஆனால் முழங்கால் போனபிறகும் மாதச் சம்பளம் வந்தது. வலிக்கிறது என்று சொன்னால் வேலை போகாது. அந்த ஒன்றை மட்டும் இன்றைய கிளப்புகள் கருவியாலும் செயலியாலும் ஈடு செய்ய முடியவில்லை.

திருமழிசைக்கு 2020இல் வேறொரு வகையான சுமைக் கணக்கு வந்தது. கோயம்பேட்டில் தொற்று பரவியதும் மே மாதத்தில் மொத்தக் காய்கறிச் சந்தையை இங்கே மாற்றினார்கள். செப்டம்பர் வரை தகரக் கொட்டகையில், மழை பெய்தால் சேற்றில், லோடுமேன்கள் மூட்டை இறக்கினார்கள். எத்தனை மூட்டை என்பது ஒன்றுகூடத் தவறாமல் எழுதப்பட்டது, கூலி அதன்படி என்பதால். முதுகு எழுதப்படவில்லை. சுமையைத் துல்லியமாக அளப்பது புதிய கண்டுபிடிப்பல்ல என்று நான் சொல்வது இதனால்தான். நோட்டை யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது கணக்குப்பிள்ளையின் நோட்டாகவோ வைத்தியரின் நோட்டாகவோ ஆகிறது. கிளப்புகளின் கையில் இருப்பது இரண்டும் கலந்த நோட்டு. ஒப்பந்தப் பேச்சு வரும்போது அதில் எந்தப் பக்கம் திறக்கப்படும் என்று ஏஜெண்டுகளுக்குத் தெரியும்.

இந்த நோட்டு ஆட்டக்காரனுடையது என்ற பேச்சு இப்போது வெளிநாடுகளில் எழுந்திருக்கிறது. 2022இல் ஃபிஃபாவும் சர்வதேச வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோவும் சேர்ந்து வீரர்களின் தரவு உரிமைகளுக்கு ஒரு சாசனம் வெளியிட்டன: தன் உடம்பைப் பற்றி என்ன சேகரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவும், அதை வாங்கிப் பார்க்கவும், கிளப் மாறும்போது எடுத்துப் போகவும் வீரனுக்கு உரிமை வேண்டும் என்கிறது அது. நம் நாட்டிலும் வீரர் சங்கம் இருக்கிறது, 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட ஒரு வழக்கறிஞர் போதும். அதைவிட எளிதான ஒன்றும் உண்டு. காலைக் கேள்விகளின் பதிலை டாக்டர் மட்டும் பார்க்க வேண்டும். கோச்சுக்கு ‘இன்று பாதிப் பயிற்சி’ என்ற ஒற்றை வரி மட்டும் போக வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவான ஒப்பந்தமோ, காயத்தின்போது பிடிக்கப்படும் சம்பளமோ இருக்கும் அணியில் அந்தச் செயலியைப் பயன்படுத்தவே கூடாது என்றுகூட நான் சொல்வேன். வரும் எண்கள் எப்படியும் எதற்கும் உதவாது.

இந்த யோசனையைத் தொழிற்பேட்டைத் தம்பியிடம் சொன்னபோது அவர் சட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. “டாக்டருக்குச் சம்பளம் கொடுக்கிறதும் கிளப்புதானேண்ணா” என்றார்.